புல்லட் 350-க்கு ஹை லிஃப்ட் கேம்: ரோட்டில் உண்மையில் என்ன கிடைக்கும்?

திருச்சி_350

வணக்கம். என்னிடம் இருப்பது பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350. பாயிண்ட் இக்னிஷன், நாலு கியர், மிக்கார்ப் கார்புரேட்டர், எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே. போர் போட்டு, புது பிஸ்டன் மாற்றியாகிவிட்டது. சமதளத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கொல்லிமலை ஏறும்போது முன்பு மூன்றாவது கியரில் இழுத்த வளைவுகளில் எல்லாம் இப்போது இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருக்கிறது.

இங்கே ஒரு பட்டறையில், பழைய கேமையே (சுழன்று வால்வைத் திறக்கும் முட்டை வடிவப் பாகம்) அரைத்து 'ஹை லிஃப்ட்' ஆக்கித் தருகிறேன், வால்வு 2 மி.மீ. கூடுதலாகத் திறக்கும், வண்டி பறக்கும் என்கிறார். காசு பெரிய விஷயமில்லை. லிஃப்ட் கூட்டினால் மலையில் இழுவை கூடுமா, இல்லை சத்தம்தான் கூடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சிவப்புக்கோடு

தாராளமாகப் போடுங்க. வால்வு கூடத் திறந்தால் காற்று கூடப் போகும், காற்று கூடினால் பவர் கூடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? என் நண்பனின் புல்லட்டில் போட்டோம், ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரோடு. மேலே போகப் போக அடித்துக்கொண்டு போகிறது.

டயல்கேஜ்

"மேலே போகப் போக" என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கேட்டவர் கேட்பது கீழே, அதாவது மலையில், நிமிடத்துக்கு 2,500 சுற்றில்.

லிஃப்ட் என்பது வால்வு எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பது மட்டும்தான். காற்று போகும் வழி வால்வின் விளிம்பைச் சுற்றி ஒரு வளையமாக இருக்கும். வால்வின் விட்டம், 3.14, லிஃப்ட் மூன்றையும் பெருக்கினால் அந்த வளையத்தின் பரப்பு. கணக்குக்காக 40 மி.மீ. வால்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 10 மி.மீ. எழும்பும்போது, அதாவது விட்டத்தில் கால் பங்கு, வளையத்தின் பரப்பும் வால்வு முகத்தின் பரப்பும் சமமாகிவிடும். அதற்கு மேல் தூக்கினால் கிடைப்பது குறைந்துகொண்டே போகும், ஏனென்றால் அங்கிருந்து போர்ட்தான் (ஹெட்டுக்குள் இருக்கும் காற்றுப் பாதை) காற்றைப் பிடித்து வைக்கிறது.

இப்போது உங்கள் கார்புரேட்டரைப் பாருங்கள், விஎம்24. 24 மி.மீ. துளையின் பரப்பு சுமார் 452 சதுர மி.மீ. அதே 40 மி.மீ. வால்வு வெறும் 3.6 மி.மீ. எழும்பினாலே அந்த 452 வந்துவிடுகிறது. வளையத்தில் காற்று வளைந்து திரும்பிப் போவதால் பரப்பு முழுவதும் பயன்படாது, சரி, 6 மி.மீ. என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கார்புரேட்டர்தான் குறுகலான இடம். மண்டபத்து வாசலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் தெருக் கேட்டில் ஒற்றைக் கதவுதான் திறந்திருக்கிறது என்றால் கூட்டம் கேட்டில்தான் நிற்கும்.

அப்புறம் இன்னொன்று. உச்ச லிஃப்ட்டில் வால்வு நிற்பது ஒரு கணம்தான். அதற்கு முன்னும் பின்னும், பாதி உயரத்தில், முக்கால் உயரத்தில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதுதான் சிலிண்டரை நிரப்புகிறது. உச்ச லிஃப்ட் ஒரே அளவாக உள்ள இரண்டு கேம்களில் ஒன்றின் பக்கவாட்டு செங்குத்தாக, தலை அகலமாக இருக்கும். இன்னொன்று கூம்பாக இருக்கும். ரோட்டில் இரண்டும் இரண்டு வேறு எஞ்சின். பட்டறைக்காரரிடம் லிஃப்ட் எவ்வளவு என்று கேட்காதீர்கள், கிராங்க் (பிஸ்டனோடு சேர்ந்து சுழலும் தண்டு) எந்த டிகிரியில் இருக்கும்போது வால்வு மூடும் என்று கேளுங்கள். பதில் வருகிறதா பார்ப்போம்.

திருச்சி_350

கேட்டேன் சார். "அதெல்லாம் ஒரிஜினல் மாதிரியேதான் இருக்கும், லிஃப்ட் மட்டும் கூடும்" என்கிறார்.

கோவை_லேத்

தம்பி, அரைத்து லிஃப்ட் கூட்டுவது எப்படி என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். கேமில் மூக்கு என்கிற உச்சிப் பகுதியில் புதிதாக இரும்பு முளைக்காது. அதனால் கீழே உள்ள வட்டத்தை, பேஸ் சர்க்கிள் என்போம், அதை அரைத்துச் சின்னதாக்குவார்கள். அடி இறங்கினால் உச்சிக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம் கூடும், அதுதான் அவர் சொல்லும் லிஃப்ட்.

இதில் மூன்று சிக்கல். கேம் கேஸ் ஹார்டனிங் செய்தது. கெட்டியான தோல் மெல்லியதுதான், அதை வெட்டிவிட்டால் உள்ளே மிருதுவான இரும்பு, டேப்பெட் (கேமின் மேல் உட்கார்ந்து அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் துண்டு) அதைத் தின்றுவிடும். சிலர் மேலே வெல்டிங் ஏற்றி அரைக்கிறார்கள், அதில் வெப்பத்தால் வளைவது, வெல்டிங் உதிர்வது என்று வேறு தலைவலி.

அடுத்தது மூக்கு. தட்டையான டேப்பெட் உள்ள எஞ்சினில் லோப்பின், அதாவது கேமின் புடைத்த பகுதியின், எந்த இடத்திலும் வளைவின் ஆரம் பேஸ் சர்க்கிளோடு சேர்ந்துதான் கணக்கு. அடிவட்டம் குறைந்து லிஃப்ட் கூடினால் மூக்கு கூர்மையாகும். கூர்மையான மூக்கு, அதன் மேல் ஸ்பிரிங்கின் முழு அழுத்தம், நடுவில் எண்ணெய்ப் படலம் தாள் கனம்கூட இல்லை. அதிலும் மூக்குக்கு மோசமான நேரம் வேகமாக ஓடும்போது இல்லை, ஐடிலில். வேகத்தில் வால்வும் புஷ்ராடும் (டேப்பெட்டிலிருந்து மேலே தள்ளும் கம்பி) போகும் உந்துதல் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கொஞ்சத்தைக் குறைத்துவிடும். ஸ்லோவில் நிற்கும்போது முழு பாரமும் மூக்கின் மேல்தான்.

மூன்றாவது, பக்கவாட்டு. தட்டை டேப்பெட்டை லோப் எவ்வளவு வேகமாகத் தூக்குகிறதோ அவ்வளவு தூரம் தொடும் இடம் பாதத்தின் (டேப்பெட்டின் அடிப்பக்கம்) நடுவிலிருந்து ஓரத்துக்கு நகரும். பாதத்தின் ஓரத்தைத் தாண்டிவிட்டால் விளிம்பு லோப்பைக் கீற ஆரம்பித்துவிடும். அதாவது பாதத்தின் அகலம்தான் லோப் எவ்வளவு செங்குத்தாக இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. அதே நேரத்துக்குள் 2 மி.மீ. கூடுதலாகத் தூக்க வேண்டுமென்றால் வேகம் கூட்டித்தான் ஆக வேண்டும். "எல்லாம் ஒரிஜினல் மாதிரி, லிஃப்ட் மட்டும் கூடும்" என்பது நடக்காத காரியம். டிகிரி கூடும், இல்லையென்றால் பாதம் போகும்.

சிவப்புக்கோடு

அண்ணே, இப்படிப் பார்த்தால் உலகத்தில் யாருமே கேம் மாற்றக் கூடாது. அமெரிக்காக்காரன் காலங்காலமாக வி8-ல் கேம் மாற்றி ஓட்டிக்கொண்டுதானே இருக்கிறான்?

ஸ்காபரோ_ஷெவி

அந்த அமெரிக்கக் கதையை நான் சொல்கிறேன், ரொறன்ரோவில் இருந்து. என்னிடம் ஒரு பழைய ஷெவ்ரோலே சி10 பிக்கப் இருக்கிறது, 350 கன அங்குல ஸ்மால் பிளாக், தட்டை ஹைட்ராலிக் லிஃப்டர் (இங்கே டேப்பெட்டுக்கு அந்தப் பெயர்). வாங்கும்போது முந்தைய உரிமையாளர் உள்ளே 292 டிகிரி (வால்வு திறந்திருக்கும் காலம்) கேம் போட்டிருந்தார், லிஃப்ட் 0.501 அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஐடில் சத்தம் கேட்டால் ஆசையாக இருக்கும். ஆனால் சிக்னலில் இருந்து கிளம்பினால் மாட்டு வண்டி தோற்றுவிடும் என்று சொல்ல முடியாது, வென்றுவிடும். பிரேக் மிதி கல்லாக இருந்தது, ஏனென்றால் ஐடிலில் மேனிஃபோல்டில் (காற்று எஞ்சினுக்குள் போகும் குழாய்) வெற்றிடம் இல்லை, அதனால் பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் வேலை செய்யவில்லை.

அதைக் கழற்றிவிட்டு காம்ப் கேம்ஸ் எக்ஸ்இ268 போட்டேன். லிஃப்ட் இன்டேக்கில் (காற்று உள்ளே வரும் வால்வு) 0.477 அங்குலம், எக்ஸாஸ்ட்டில் (புகை வெளியேறும் வால்வு) 0.480. இன்டேக்கில் 12.1 மி.மீ. ஆக லிஃப்ட் குறைந்தது வெறும் 0.6 மி.மீ. ஆனால் ட்ரக் வேறு ட்ரக் ஆகிவிட்டது. மாறியது டிகிரி. இன்டேக் சென்டர்லைன், அதாவது வால்வு உச்சத்துக்கு எழும் இடம், இரண்டுக்கும் மேல்புள்ளிக்கு 106 டிகிரி பின். 292 கேமில் இன்டேக் வால்வு பிஸ்டன் அடிப்புள்ளியைத் தாண்டி 72 டிகிரி போன பிறகுதான் மூடும். 268-ல் 60 டிகிரியில் மூடிவிடும்.

இந்த 12 டிகிரிக்கு என்ன விலை என்று கணக்குப் பாருங்கள். ஸ்ட்ரோக் 3.48 அங்குலம், கனெக்டிங் ராட் 5.7. வால்வு மூடும்வரை அழுத்தம் தொடங்காது. 60-ல் மூடினால் ஸ்ட்ரோக்கில் 81 சதவீதம் அழுத்தத்துக்கு மிஞ்சும், 72-ல் மூடினால் 72 சதவீதம். புத்தகத்தில் 9-க்கு 1 கம்ப்ரஷன் என்று இருக்கிற எஞ்சின், மெதுவாக ஓடும்போது முதலாவதில் 7.5 ஆகவும் இரண்டாவதில் 6.8 ஆகவும் நடந்துகொள்ளும். பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே வந்த கலவையைத் திரும்ப கார்புரேட்டருக்கே தள்ளிவிடுகிறது. மேலே 5,500-க்குப் போனால் காற்றின் வேகத்தில் இது சரியாகிவிடும், அப்போது பெரிய கேம் வெல்லும். நான் ஹைவேயில் பலகை ஏற்றிப் போகிறவன், எனக்கு 5,500 எதற்கு?

லேத் அண்ணன் சொன்ன பாத அகலம் இங்கே பெரிய பேச்சு. ஷெவியின் லிஃப்டர் 0.842 அங்குலம், கிரைஸ்லருக்கு 0.904. அந்தக் கொஞ்ச அகலத்தை வைத்தே கிரைஸ்லருக்கென்று தனியாக வேகமான லோப் அரைக்கிறார்கள். பிறகு ரோலர் லிஃப்டர் வந்தது, அதற்கு இந்தத் தடை இல்லை, பக்கவாட்டை உட்குழிவாகக்கூட அரைக்கலாம். லிஃப்ட்டும் கூடும், டிகிரியும் குறைவாகவே இருக்கும்.

மதுரை_விடெக்

குறுக்கே வருகிறேன். ஹோண்டா விடெக் இந்தப் பிரச்சினைக்குத்தானே வந்தது? குறைந்த சுற்றில் ஒரு லோப், அதிக சுற்றில் ஒரு லோப்.

டயல்கேஜ்

ஆமாம். 1989-ல் இன்டெக்ராவில் வந்த பி16ஏ, 1.6 லிட்டரில் 160 குதிரைசக்தி, டர்போ இல்லாமல். குறைந்த சுற்றில் சின்ன லோப்கள், வேகத்தில் எண்ணெய் அழுத்தத்தால் ராக்கர்களை (வால்வை அழுத்தும் கைகள்) ஊசி போன்ற பின்களைக் கொண்டு கோத்து நடுவில் உள்ள பெரிய லோப். ஒரே லோப் இரண்டு வேலையும் பார்க்காது என்று ஹோண்டாவே ஒப்புக்கொண்டதுதான் விடெக். புல்லட்டில் ஒரு வால்வுக்கு ஒரே லோப். எந்த வேலை வேண்டும் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்காபரோ அண்ணன் எண்களைப் போட்டதால் புல்லட்டின் எண்களையும் போடுகிறேன், சுவாரசியமாக இருக்கும். மேனுவல்படி இன்டேக் திறப்பது மேல்புள்ளிக்கு 30 டிகிரி முன், மூடுவது அடிப்புள்ளிக்கு 60 டிகிரி பின். எக்ஸாஸ்ட் 75 முன் திறந்து 35 பின் மூடும். ஆக இன்டேக் 270, எக்ஸாஸ்ட் 290, இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் ஓவர்லாப் 65 டிகிரி. எக்ஸ்இ268-ன் ஓவர்லாப் 54 தான். தாளில் பார்த்தால் நம் தாத்தா வண்டி அமெரிக்க ஸ்ட்ரீட் கேமைவிட ஹாட்!

ஆனால் புல்லட் ஐடிலில் டக் டக் என்று அமைதியாக நிற்கிறது. காரணம் லோப்பின் வடிவம். வால்வு இருக்கையை விட்டு எழும் இடத்திலும் திரும்ப உட்காரும் இடத்திலும் சரிவு மிக மெதுவானது, அந்த டிகிரிகளில் வால்வு திறந்திருக்கிறது என்பது பெயருக்குத்தான். ஓவர்லாப் நேரத்தில் இரண்டு வால்வும் மெலிதாகத்தான் திறந்திருக்கும். எக்ஸ்இ268 0.050 அங்குல லிஃப்டர் உயர்வில் அளந்தால் 224, 230 டிகிரி. விளம்பர எண் 268, 280. ஜப்பான்காரர்கள் பெரும்பாலும் 1 மி.மீ.-ல் அளப்பார்கள். எந்த உயரத்தில் அளந்தது என்று சொல்லாத டிகிரி எண்ணுக்கு மதிப்பே கிடையாது.

இதிலிருந்து தெரிவது, புல்லட் கேமை வைத்தே முன்னேற்ற வேண்டுமென்றால் டிகிரியைத் தொடாமல் சரிவைச் செங்குத்தாக்க வேண்டும். அதற்குத்தான் டேப்பெட் பாதம் இடம் கொடுக்காது. சும்மா டிகிரி கூட்டினால் இன்டேக் இன்னும் தாமதமாக மூடும், உதைக்கும்போதே கிக்கர் லேசாக இருப்பது தெரியும், கொல்லிமலையில் இரண்டாவது கியர்கூடப் போதாது.

சிவப்புக்கோடு

சரி, ஆனால் என் நண்பன் வண்டி மேலே நன்றாகப் போகிறதே, அது பொய்யா?

கோவை_லேத்

பொய் இல்லை. மேலே போகும். எவ்வளவு நாள் என்பதுதான் கேள்வி. ஸ்ட்ரோக் 90 மி.மீ., 5,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகமே வினாடிக்கு 15 மீட்டர். கீழே பிக் எண்டில் (கனெக்டிங் ராட் கிராங்க்கோடு சேரும் இடம்) இருப்பது ரோலர் பேரிங் இல்லை, ஃப்ளோட்டிங் புஷ் (தளர்வாகச் சுழலும் உலோக வளையம்). அந்த புஷ்ஷை நான் மாற்றிக் கொடுக்கும் வண்டிகளில் பாதி, யாரோ மேலே ஏதோ போட்டு அடித்து ஓட்டியவைதான். அந்த 18 குதிரைசக்தி எஞ்சினை அந்த வேகத்துக்குள் வைத்துத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். கேமை மேலே நகர்த்தினால் பவர் எங்கே போய் உட்காருகிறதோ அங்கே அடிப்பாகம் தாங்காது. கேம் போடுகிறவர் கிராங்க்குக்கும் சேர்த்துச் செலவு செய்யத் தயாராக இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை, எனக்கு வேலை.

ஒரு எச்சரிக்கையும். லிஃப்ட் கூட்டியே தீருவேன் என்றால் ஓட்டுவதற்கு முன்னால் உச்ச லிஃப்ட்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டவில்லை, இடையில் ஒன்றரை மி.மீ.யாவது இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிஸ்டன் மேல் பிளாஸ்டிசின் (விளையாட்டுக் களிமண்) வைத்து ஹெட்டை மாட்டிக் கையால் சுற்றிப் பிரித்து, பதிந்த இடத்தை பிளேடால் வெட்டி அளக்க வேண்டும். இன்டேக் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5-க்குக் குறையக் கூடாது. வால்வும் பிஸ்டனும் நெருங்குவது மேல்புள்ளியில் என்று நினைப்பார்கள். இல்லை, அதற்குப் பத்து டிகிரி இப்படி அப்படி.

திருச்சி_350

எல்லோருக்கும் நன்றி. அரைக்கும் யோசனையை விட்டுவிட்டேன். ஆனால் முன்பு இழுத்த வண்டி இப்போது ஏன் இழுக்கவில்லை? போர், பிஸ்டன் எல்லாம் புதிது. வால்வும் லேப் பண்ணியாகிவிட்டது.

டயல்கேஜ்

இருக்கும் கேமை அளந்து பார்த்தீர்களா? ஹெட்டை இறக்கத் தேவையில்லை. பிளக்கைக் கழற்றுங்கள். வலப்பக்கம் டேப்பெட் கதவைத் திறந்தால் கீழே அட்ஜஸ்டர் இரண்டும் தெரியும். எஞ்சின் குளிர்ந்திருக்க, கம்ப்ரஷன் மேல்புள்ளியில் புஷ்ராடு விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. முதலில் இதைச் சரி செய்யுங்கள், ஆட்டம் இருந்தால் அளவு முழுக்கத் தப்பு. அப்புறம் டயல் கேஜின் (சின்ன அசைவையும் முள்ளால் காட்டும் அளவுக் கருவி) முனையை புஷ்ராடுக்கு நேராகப் பிடித்து எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். முள் ஏறி இறங்குவதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு லோப்பையும் எடுங்கள். உச்சி மட்டுமல்ல, முள் ஏறும்போது எங்காவது தயங்குகிறதா, உச்சியில் தட்டையாக நிற்கிறதா என்றும் பாருங்கள்.

திருச்சி_350

பக்கத்து பட்டறையில் டயல் கேஜ் வாங்கிப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் முள் சீராக ஏறி இறங்குகிறது. இன்டேக்கில் உச்சிக்கு முன்னால் ஒரு குலுங்கல், அப்புறம் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கிறது. டைமிங் கவரைத் திறந்து கேமை வெளியே எடுத்தேன். மூக்கில் நகம் போகும் அளவுக்குப் பள்ளம், டேப்பெட் பாதத்தின் நடுவில் வட்டமாகக் குழி. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் புது இன்டேக் கேமை வெர்னியரில் வைத்தேன். உச்சியிலிருந்து அடிவரை எடுத்த அளவில் என்னுடையது கிட்டத்தட்ட ஒரு மி.மீ. குறைவு.

கோவை_லேத்

அப்படிச் சொல்லுங்கள். கூடுதல் 2 மி.மீ. தேடிக்கொண்டிருந்தீர்கள், இருந்ததில் ஒன்று காணாமல் போயிருக்கிறது. அந்தத் தேய்ந்த கேமைத்தான் அந்தப் பட்டறை இன்னும் அரைக்கப் பார்த்தது.

புது ஸ்டாண்டர்ட் கேம் போடுங்கள். டேப்பெட்டும் புதிது போட வேண்டும், பழைய பாதத்தைப் புது லோப்பில் வைத்தால் கொஞ்ச நாளில் அதையும் குடைந்துவிடும். பல்சக்கரத்தில் புள்ளிக்குப் புள்ளி பொருத்துங்கள், ஒரு பல் தள்ளினாலும் டைமிங் பல டிகிரி தள்ளிப்போகும். கிராங்க் முனையில் இருக்கும் வார்ம் நட்டைத் தேவையில்லாமல் தொடாதீர்கள், அது இடப்புற மரை, வழக்கம்போல் திருப்பினால் இறுகிக்கொண்டே போகும்.

லோப்பிலும் பாதத்திலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். எண்ணெய் கார்களுக்கான புது ரகம் வேண்டாம், அதில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்காகத் துத்தநாகச் சேர்மத்தைக் குறைத்திருக்கிறார்கள். பைக்குக்கான 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஸ்லோவில் விட்டு ரசிக்காதீர்கள், 2,000 சுற்றைச் சுற்றியே ஏற்றி இறக்கி இருபது நிமிடம் ஓட விடுங்கள். காற்றில் குளிரும் எஞ்சின், அதனால் நிறுத்தி வைத்துச் செய்வதைவிட ஊருக்கு வெளியே காலி ரோட்டில் இரண்டாவது மூன்றாவது கியரில் ஓட்டியே செய்வது நல்லது.

திருச்சி_350

கேம், டேப்பெட் இரண்டும் வாங்கிவிட்டேன் அண்ணே. இன்னொரு சந்தேகம், இதோடு கார்புரேட்டரையும் 28 ஆக்கிவிடலாமா?

டயல்கேஜ்

இப்போது வேண்டாம். முதலில் கேமைப் போட்டுப் பழைய 24-லேயே மலை ஏறிப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அப்படி 28 போட்டாலும் ஜெட்டிங் (பெட்ரோல் அளவை அமைப்பது) முதலிலிருந்து தொடங்க வேண்டும், கீழே காற்றின் வேகம் குறையும், திராட்டிலைச் சட்டென்று திறந்தால் ஒரு தடுமாற்றம் வரும். மலைக்கு 24 மோசமில்லை.

ஸ்காபரோ_ஷெவி

டேப்பெட் மாட்டும்போது புஷ்ராடு நுனிகளையும் கண்ணாடியில் உருட்டிப் பாருங்கள் தம்பி, வளைந்திருந்தால் தெரியும்.